எதிர்காற்றுக்கேற்ற சைக்கிள்

கெர்டா எதை வாங்கினாலும் அது எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாங்குவாள். மருந்துக் கடையில் முப்பது வருடம் வேலை பார்த்ததில் ஊறிப்போன பழக்கம். இருமல் என்று வருகிறவரிடம் வறட்டு இருமலா, சளி இருமலா என்று கேட்காமல் அவள் கை அலமாரிப் பக்கம் போனதில்லை. ஒமேரின் சைக்கிள் கடையிலும் அவள் முறை தவறவில்லை. தன் கணவன் நோர்பெர்ட் இருபத்திரண்டு வருடமாக ஞாயிறுதோறும் எவ்வளவு தூரம், என்ன வேகத்தில், எந்த மாதிரிச் சாலையில் போய் வந்ததாகச் சொன்னானோ, அதற்குத் தோதான சைக்கிள் வேண்டும் என்றாள்.

நோர்பெர்ட் அங்கேயே ஒரு முக்காலியில், இரண்டு ஊன்றுகோல்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். பிப்ரவரியில் அவனுக்கு இடுப்பு மூட்டை மாற்றியிருந்தார்கள். இந்த வருடம் சைக்கிள் பக்கமே போகக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவன் இருந்த சைக்கிள் சங்கத்துக்கு எதிர்காற்றுச் சங்கம் என்று பெயர். ஏழு ஆண்கள். கடைக்கார ஒமேர்தான் தலைவர். உன் இடம் ஏன் காலியாகக் கிடக்க வேண்டும், நான் போகிறேன் என்று கெர்டா சொன்னபோது நோர்பெர்ட் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் கோட்டை எடுத்து மாட்டியதும் சிரிப்பு நின்றது.

அவளுக்கு அதில் விளையாட்டு ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருட ஞாயிறுகளை அவள் தனியாக, கோழியை அடுப்பில் வைத்துவிட்டு, ஆப்பிளைக் கூழாக வேகவைத்துக்கொண்டு கழித்திருக்கிறாள். ஒரு மணிக்கு அவன் சேறும் வேர்வையுமாக வந்து நிற்பான். கோப்பன்பெர்க் ஏற்றத்தில் மூடுபனி எப்படி விலகியது, ஆற்றோரம் காற்று எப்படி முகத்தில் அறைந்தது என்று கோழியை மென்றபடியே சொல்வான். நன்றாகச் சொல்வான். தன்னிடமிருந்து இவனை வாராவாரம் பிடுங்கிக்கொண்டு போவது என்ன என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும், இவன் பக்கத்தில் இல்லாவிட்டாலும் இவன் பார்த்ததைத் தானும் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசைக்குப் பின்னால் ஒரு பயமும் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவள் சைக்கிள் மிதித்தது ரொட்டி வாங்கப் போனதோடு சரி.

ஒமேர் முதலில் கூடை வைத்த சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இத பாருங்க கெர்டா. முதுகு நிமிர்ந்து உக்காரலாம். பேட்டரிகூட இருக்கு, கால் வலிச்சா அதுவே தள்ளிட்டுப் போயிரும்."

"இதுல நூறு கிலோமீட்டர் போலாமா? மணிக்கு முப்பது வேகத்துல?"

"எதுக்கு நூறு?"

"நீங்க எல்லாரும் நூறு போறீங்களே."

ஒமேர் நோர்பெர்ட்டைப் பார்த்தார். நோர்பெர்ட் ஊன்றுகோலின் ரப்பரை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"நூறுன்னா... எல்லா வாரமும் சரியா நூறுன்னு இல்ல," என்றான்.

"ஆமா, நூத்தி நாலுன்னுகூடச் சொல்லியிருக்க."

"சொல்லியிருக்கேன்," என்றான் நோர்பெர்ட்.

அந்தப் பக்கத்து ஆண்கள் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வார்கள். குடித்ததை, சீட்டில் தோற்றதை, தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதைக்கூட. சைக்கிள் மிதித்த கணக்கில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். அன்றைக்கு அந்தக் கடையில் இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அதனால் சைக்கிளின் விலை ஏறிக்கொண்டே போனது.

"கல்லுப் பாவின ரோட்டுல போவீங்கள்ல?" என்றாள் கெர்டா.

"போவோம்," என்றார் ஒமேர், தரையைப் பார்த்து.

அப்படியானால் டயர் கொஞ்சம் அகலமாக வேண்டும், குலுக்கலைத் தாங்குகிற கார்பன் சட்டம் வேண்டும். ஏற்றம் உண்டா? உண்டு. அப்படியானால் எடை குறைய வேண்டும், பல் கூடின சக்கரம் வேண்டும், பட்டனைத் தொட்டால் மாறுகிற கியர் வேண்டும். மழையிலும் போவீர்களா? சங்கம் மழைக்குப் பயந்ததாகச் சரித்திரம் இல்லை. அப்படியானால் டிஸ்க் பிரேக். கடைசியாக அவள் காற்றைப் பற்றிக் கேட்டாள்.

"காத்து எந்தப் பக்கம் அடிக்கும்?"

"எப்பவும் எதிராத்தான்," என்றான் நோர்பெர்ட். பழக்க தோஷம்.

காற்றைக் கிழிக்கிற சக்கரங்களும் சேர்ந்தன. மொத்தம் ஏழாயிரத்து நானூறு யூரோ. உள்ளூர்ப் பந்தயத்தில் ஓடுகிற பையன்கள்கூட இப்படி ஒன்றைக் கடைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். கெர்டாவின் அப்பா இறந்தபோது அவளுக்கென்று கொஞ்சம் விட்டுப்போயிருந்தார். அதைப் பன்னிரண்டு வருடமாக அவள் தொடவில்லை.

"செல்லம், இன்னும் ஒரு வாரம் யோசிச்சுக்கலாமே," என்றான் நோர்பெர்ட்.

"எதுக்கு? நீ சொன்னதெல்லாம் சரிதானே?"

"சரிதான்."

"அப்போ இதுதான்."

ஒமேர் அவள் காலையும் கையையும் அளந்தார், இருக்கையை உயர்த்தினார், கைப்பிடியைக் கிட்டே கொண்டுவந்தார். தன் தொழில் வாழ்க்கையிலேயே ஆகப் பெரிய வியாபாரத்தை முடித்த மனிதர், இழவு வீட்டுக்கு வந்தவர்போல நின்றார்.

சங்கத்தோடு போவதற்கு முன் அவள் தன்னைத் தயார்செய்துகொள்ள விரும்பினாள். ஆண்கள் தனக்காக மெதுவாகப் போக வேண்டிவந்தால் அதைவிட அவமானம் கிடையாது. ஷூ பெடலோடு பூட்டிக்கொள்ளும் வகை. கழற்ற மறந்து முதல் நாளே தேவாலய வாசலில், கல்யாண கோஷ்டியின் முன்னால், சைக்கிளோடு சாய்ந்தாள். மாப்பிள்ளை வந்து தூக்கிவிட்டார். மறுநாளும் போனாள். மார்ச் மழையில் ஆற்றோரப் பாதையில் இருபது கிலோமீட்டர், ஏப்ரலில் நாற்பது, மே மாதத்தில் ஓடனார்டெ நகரத்தைத் தாண்டி எழுபது. உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்ட நாட்கள் உண்டு. நோர்பெர்ட் அவளுக்கு முட்டி தேய்த்துவிட்டான். போதுமே, போதுமே என்று சொல்லிக்கொண்டே தேய்த்தான். இவன் எத்தனை வருடம் இந்த வலியைச் சொல்லாமல் தாங்கியிருக்கிறான் என்று அவளுக்குக் கண் கலங்கியது.

மே மாதக் கடைசி ஞாயிறு, நோர்பெர்ட்டின் சட்டையைக் கை மடித்துப் போட்டுக்கொண்டு அவள் சங்கத்தோடு கிளம்பினாள். ஆறு பேரும் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார்கள். கசாப்புக் கடை ரோலாண்ட் இருமினார். எல்லோரும் மெதுவாக மிதித்தார்கள். உடம்பைச் சூடாக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மதகைத் தாண்டினார்கள். ஆற்று வளைவில் வெள்ளைக் குதிரை என்றொரு பீர்க் கடை. அங்கே எல்லோரும் இறங்கினார்கள்.

"பஞ்சரா?" என்றாள் கெர்டா.

ஆறு பேரும் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்கள். கடைக்காரி சொலாஞ்ச் வாசலுக்கு வந்தாள். உள்ளே மேஜையில் ஏழு பீர் ஏற்கனவே ஊற்றி வைத்திருந்தது. கடுகு தொட்ட பாலாடைக்கட்டி, சீட்டுக்கட்டு எல்லாம் இருந்தன.

"நோர்பெர்ட்டோட சம்சாரமா? வாங்க, வாங்க. அவன் நாற்காலியிலயே உக்காருங்க, மெத்தை போட்டிருக்கேன் பாருங்க. அவனுக்கு அது இல்லாம ஆகாது."

அந்த மெத்தையின் உறையைக் கெர்டா தன் கையால் பின்னியிருந்தாள். துவைத்துக் காயப்போட்ட இடத்தில் காணவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரியோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தாள்.

அவள் உட்கார்ந்தாள். சைக்கிளிலிருந்து கழற்றிக் கையோடு எடுத்து வந்திருந்த மீட்டரைப் பார்த்தாள். ஏழு கிலோமீட்டர்.

"எத்தன மணி வரைக்கும்?" என்று ஒமேரிடம் கேட்டாள்.

"பன்னண்டரை." அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அந்தச் சேறு?"

ஒமேர் பின்பக்கம் கை காட்டினார். "சொலாஞ்சோட ரோஜாப் பாத்தி. குழாயும் அங்கதான் இருக்கு."

இருபத்திரண்டு வருடம் அவள் துவைத்த காலுறைகளின் சேறு. கெர்டாவுக்குச் சிரிப்பு வந்திருக்கும். வரத்தான் செய்தது, உதடுவரை. அப்போதுதான் நாற்காலிக்கு நேர் எதிரே இருந்த ஜன்னலைப் பார்த்தாள். ஆறு வளைந்து திரும்பியிருந்ததால் வயலுக்கு அந்தப் பக்கமே, கை நீட்டினால் தொடலாம்போல, அவர்கள் ஊர்த் தேவாலயத்தின் கோபுரம் நின்றது.

அவள் அப்பா இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஊர்க்கோடியில் இருந்த அவர் வீட்டிலிருந்து செய்தி வந்தது. மிதிக்கும்போது கைபேசி கூடாது என்பது சங்கத்தின் விதி. நோர்பெர்ட் எங்கேயோ மலையேறிக்கொண்டிருக்கிறான், அவ்வளவு தூரத்தில் இருக்கிறவனை என்ன செய்வது என்று அவள் தனியாகப் போய், தனியாக அப்பாவின் கண்களை மூடிவிட்டு, ஒரு மணிவரை காத்திருந்தாள். அவன் தூரத்தில் இருந்ததற்காக ஒரு நாளும் அவனைக் குறை சொன்னதில்லை. நூறு கிலோமீட்டர் போனவனை அவள் எப்போதோ மன்னித்திருந்தாள். ஏழு கிலோமீட்டரில் உட்கார்ந்திருந்தவனை மன்னிக்கத் தெரியவில்லை.

மெத்தையை எடுத்துச் சட்டைக்குள் முதுகுப் பக்கம் செருகிக்கொண்டாள்.

"கோப்பன்பெர்க் எந்தப் பக்கம்?"

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "பாலம் தாண்டி வலது பக்கம்னு நினைக்கிறேன்," என்றார் ரோலாண்ட்.

உண்மையில் அது இடது பக்கம். அவள் விசாரித்துப் போனாள். கற்கள் ஈரமாக இருந்தன, ஏற்றத்தின் பாதியில் பின்சக்கரம் வழுக்கியது. அந்த ஏற்றத்தில் எல்லோரும் செய்வதுபோல அவளும் இறங்கித் தள்ளினாள். உச்சியில் மூடுபனி இல்லை, மாடுகள் இருந்தன. அங்கிருந்து அவள் ஊர் தெரியவில்லை. ஒரு வாழைப்பழம் தின்றுவிட்டு, காற்றைக் கிழிக்கிற சக்கரங்களைக் காற்றுக்கு எதிரே திருப்பி மிதித்தாள். காற்று நிஜமாகவே எதிரேதான் அடித்தது. மீட்டரில் நூறு வரும்வரை வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை என்று இருந்தாள். கோபத்தில் கால் வலி கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

சாயங்காலம் அவள் வந்தபோது நோர்பெர்ட் வாசலில் கைத்தடியோடு நின்றான். முகம் வெளுத்திருந்தது. கோழி ஒரு மணிக்கு வெந்து, மூன்று மணிக்குக் காய்ந்து, இப்போது விறகாகியிருந்தது.

"எங்க போன? ஒமேர் எல்லாம் எப்பவோ வந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்கெல்லாம் போன் பண்ணிட்டேன்."

"நூறு கிலோமீட்டர் போனேன்."

"நூறா? அது எப்படி..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அது எப்படி முடியும் என்று கேட்க அவனுக்கு வழியில்லை.

"எதிர்காத்து," என்றாள் கெர்டா. முதுகிலிருந்து மெத்தையை உருவி மேஜைமேல் வைத்தாள். வேர்வையில் நனைந்திருந்தது.

பின்னால் வந்த நோர்பெர்ட் அதைப் பார்த்துவிட்டுக் கைத்தடியை மேஜையில் சாய்த்து உட்கார்ந்தான். அவள் காய்ந்த கோழியில் ஒரு காலைப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"அந்த நாற்காலியிலேருந்து கோயில் தெரியுது," என்றாள். "எங்கப்பா போன அன்னிக்கு சாவு மணி அடிச்சாங்களே. கேட்டுச்சா?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். பழக்கம் உள்ளவன்தான்.

"கேட்டுச்சு," என்றான். "யாருக்கோன்னு நினைச்சோம். ரோலாண்ட் சீட்டப் போட்டுட்டு இருந்தான்."

கெர்டா மென்று முடித்தாள். எழுந்து தட்டைக் கழுவினாள், கையைத் துடைத்தாள், மழை வரும்போல இருந்ததால் சைக்கிளை உள்ளே கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கோழிய நீ பாத்துக்கோ," என்றாள். "ஏதாவது ஆச்சுன்னா எனக்காகக் காத்துட்டு இருக்காத. நான் நெஜமாவே தூரத்துல இருப்பேன்."