தலைகீழ்ப் பூவரசு

பூவரசங்கிளையை வெட்டினால் வரும் பச்சை வாடை எட்டினால் இன்றும் குனிந்து மண்ணைத்தான் பார்ப்பேன். தலைகீழாக நட்டால் மரம் பூமிக்குள் வளரும், வேர்தான் மேலே வந்து காற்றில் ஆடும் என்று எட்டு வயதில் முழுமனதாக நம்பியவன் நான்.

எர்ணாவூரில் எங்கள் மனையின் பின்பக்கம் ஓர் ஓடை போனது. ஒவ்வொரு மழைக்கும் கரையைக் கடித்துக்கொண்டே வந்து, அம்மாவின் ஓலைக் கூரைச் சமையலறைக்குச் சில முழம் தள்ளி நின்றது. அடுத்த மழையில் அடுப்பு, அம்மி, அம்மா மூவரும் எண்ணூர்க் கடலுக்குப் போய்விடுவார்கள் என்பது என் முடிவு. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பாவுக்குக் கரையில் கல் வைத்துக் கட்ட வசதியில்லை. அதனால் நொச்சியை வரிசையாக நட்டுவிட்டு, பூவரசங்கிளைகளைப் 'போத்து'களாக வெட்டி, அடியைக் கூராகச் சீவி, நடுகிற வேலையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுக் காதர் பாய், பழைய இரும்பு வியாபாரி, வேலியோரம் நின்று பார்த்தார். "இன்னா நைனா, எல்லாத்தையும் தலைகீழா நட்டுகினு கீறே? மரம் பாதாளத்துக்குல்ல போவும்" என்றார், சிரிக்காமல்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. விடிந்ததும் ஓடி, ஒவ்வொரு போத்தையும் பிடுங்கி, மரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுவேன். ஒன்றிலும் இலை வரவில்லை. என் பயத்துக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? ஒருநாள் வானம் கறுத்ததும் அம்மியை வாசலுக்கு நகர்த்தப் பார்த்தேன்.

"இன்னாடா, அம்மிய எங்க இஸ்துகினு போற?" என்றாள் அம்மா. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா ஓடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "கூரா சீவன பக்கம் மண்ணுக்குள்ளதான கீது? நேராத்தான் நட்டுகீறே. தெனம் புடுங்கிப் பாத்தா எதுடா வேர் வுடும்?"

இப்போது அந்த ஓடை கான்கிரீட் பெட்டிக்குள் போய்விட்டது. அதன்மேல் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. கரையே இல்லாத இடத்தில் பூவரசு ஏது, நொச்சி ஏது. காதர் பாயும் இல்லை, இருந்தால், அன்று விளையாட்டுக்குத்தான் அப்படிச் சொன்னீர்களா என்று கேட்டிருப்பேன்.

அந்த வருடம் நடந்தது இவ்வளவுதான்: மழை கொட்டியது, நான் கை வைக்காமல் விட்ட நொச்சி கரையைப் பிடித்துக்கொண்டது, சமையலறை நின்றது. பயத்தில் காய்ச்சல் கண்டு படுத்த எனக்கு அம்மா அங்கேயே கஞ்சி காய்ச்சினாள்.