மொட்டை மாடிக்குப் போன உப்புத் தண்ணீர்

சோப்புக் கரைசல் சில சொட்டு விட்டுக் குப்பியைக் குலுக்கினால் நல்ல தண்ணீர் பொங்கி நுரைக்கும். உப்புத் தண்ணீர் திரிந்த பால்போல வெள்ளையாகி அடியில் உட்கார்ந்துவிடும். அன்று காலை நான் குலுக்கிய குப்பியில் நுரை வரவே இல்லை. எண்பதுகளின் பின்பாதி. திருப்பூரில் என் பெரியப்பாவின் சாயப்பட்டறையில் தண்ணீரைச் சோதிப்பதும் நிறம் ஒத்துப் பார்ப்பதும் என் வேலை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று அவராகக் கூப்பிட்டுக் கொடுத்த வேலை அது. அதனால்தான் அன்று வாயைத் திறக்கவில்லை என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அந்தச் சமாதானத்தைக் கேட்டால் எனக்கே எரிச்சல் வருகிறது.

எங்கள் சாய மாஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு, பூசை முடிந்த அதே வெள்ளைச் சட்டையோடு பட்டறைக்கு வந்து நிற்பார். அவருக்கும் எங்கள் பாய்லருக்கும் ஆகாது. சாயத் தொட்டிகளுக்குச் சுடுதண்ணீர் காய்ச்ச அது நாள் முழுக்க நிலக்கரி தின்றது. வெளுத்துக் காயப்போட்ட பனியன் துணிமேல் கரித்தூள் வந்து விழும்; மறுபடி வெளுக்க வேண்டும்; அதற்கு மறுபடி சுடுதண்ணீர், மறுபடி கரி. "கரி போட்டு வெளுக்குதோம், அந்தக் கரியே அழுக்காக்குது, பொறவு அழுக்கைப் போக்கக் கரி போடுதோம். நாமல்லாம் படிச்சவங்கதானா?" என்று என்னிடம் கேட்பார். ஏதோ நான்தான் பாய்லரைக் கண்டுபிடித்ததுபோலக் கோபமாகக் கேட்பார்.

அவர் யோசனை பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. மொட்டை மாடியில் கறுப்புப் பூசிய குழாய்களைக் கண்ணாடிக்கு அடியில் வரிசையாகப் பதித்து, வெயிலிலேயே தண்ணீரைக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவருவது. அதற்குமேல் வேண்டிய சூட்டுக்கு மட்டும் பாய்லர். பெரியப்பாவிடம் இதைச் சொல்லிச் சொல்லியே அவருக்கு இரண்டு வருடம் போயிற்று. தெற்கே கடற்கரையில் அணுமின் நிலையம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். "உங்கூருப் பக்கமே அணு கரண்டு வருதாமாங்க மாஸ்டரு. அது வந்துட்டா கரண்டு கொட்டுமுங்க. அதுக்குள்ள இந்தத் தகரடப்பா எதுக்குங்க?" என்பார் பெரியப்பா. மாஸ்டரின் அண்ணன் கடலுக்குப் போகிறவர். அணு உலை வந்தால் மீன்பாடு போய்விடும் என்று பயந்தவர். மாஸ்டர் அந்தப் பயத்தையும் மறைக்கவில்லை, அணு உலையே கூடாது என்றும் சொல்லவில்லை. "வரட்டும் மொதலாளி. காத்தாடி கரண்டு வந்தாலும் வரட்டும். அதெல்லாம் வார வரைக்கும் தலைக்கு மேல காயுத வெயிலை எதுக்குச் சும்மா விடணும்?" என்றார். கடைசியில் பெரியப்பா ஒத்துக்கொண்டார்.

ஏழெட்டு மாதம் அது அருமையாக ஓடியது. மாஸ்டர் மாடிக்கு ஏறி இறங்கியதில் அவர் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்று கிண்டல் செய்வோம். கரி லாரி வருவதும் குறைந்தது. அந்த வருட ஆயுத பூஜையில் பாய்லருக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் வைத்தார்கள். மாடிக் குழாய்களுக்கு யாரும் ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நெருப்பு இல்லாத எதையும் எங்கள் ஆட்கள் மிஷினாகவே நினைக்கவில்லை. பாய்லருக்குள் போர்வெல்லின் உப்புத் தண்ணீரை விட்டால் குழாய் அடைத்துவிடும் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அதற்கும் மாடிக் குழாய்களுக்கும் லாரியில் வரும் நல்ல தண்ணீர்தான். ஆனால் கோடையில் லாரித் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்ததும், மாஸ்டர் இல்லாத ஒரு நாள், பட்டறை பிட்டரை வைத்து மாடிக்குப் போகும் பைப்பைப் போர்வெல்லோடு இணைத்துவிட்டார்கள். நுரைக்காத குப்பியோடு நான் பெரியப்பாவிடம் ஓடினேன்.

"சும்மா வெயில்ல காயறதுக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன கண்ணு? மாஸ்டருகிட்டச் சொல்லி அவரையும் கொழப்பி வுட்டறாத" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மழைக்காலம் வருவதற்குள் மாடியிலிருந்து தண்ணீர் நூலாக வடிய ஆரம்பித்தது. மாஸ்டர் ஒரு குழாயை அறுத்துப் பார்த்தார். உள்ளே விரல் நுழையாத அளவுக்குச் சுண்ணாம்புபோல் வெள்ளையாக இறுகிக் கிடந்தது. ஒரு துண்டை என் மேசைக்குக் கொண்டுவந்து ஆசிட் விட்டார், பொசபொசவென்று பொங்கியது. "லாரித் தண்ணியில இவ்வளவு உப்பு எப்படிம்மா வரும்? மாடிக்கு வேற தண்ணி எதுவும் விட்டாங்களா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க மாஸ்டர்" என்றேன்.

அவர் அதை அப்படியே நம்பினார். எனக்கு ஆறாதது அதுதான். கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால்கூட உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. "அப்போ என் கணக்குதான் தப்பிப்போச்சு" என்று சொல்லி, அந்தத் துண்டைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குழாய்கள் பழைய இரும்புக்குப் போயின. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போன மாஸ்டர் திரும்பி வரவில்லை.

தொண்ணூறுகளில் பொங்கலூர்ப் பக்கம் காற்றாலைகள் எழும்பத் தொடங்கிய சமயம், பக்கத்துப் பட்டறை முதலாளி பெரியப்பாவிடம் வந்தார். மாடியில் வெயிலுக்குக் குழாய் பதிக்கலாமா, புது பாய்லரே வாங்கிவிடலாமா என்று அவருக்குக் குழப்பம். "நம்மூருக்கு அது ஆகாதுங்க. நாங்க பண்ணிப் பாத்துட்டமுங்க" என்றார் பெரியப்பா. இதையே அவர் பத்துப் பேரிடம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பத்துப் பேர் பட்டறையிலும் கரிதான் எரிந்தது. அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"வெயில்மேல தப்பில்லீங்க. நாமதான் உப்புத் தண்ணிய வுட்டுக் கெடுத்தோம். நாந்தான் டெஸ்ட் பண்ணுனேன்" என்று சொன்னேன்.

பெரியப்பா கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார். "ஆமா சாமி, உப்புத் தண்ணிதான் வுட்டோம். அதான் எல்லாத்துக்கும் தெரியுமே, பைப்ப மாத்துனதே நம்ம பிட்டருதான" என்றார். வந்தவரும், "நல்ல தண்ணிக்கு எங்கீங்க போறது?" என்று சொல்லிவிட்டுப் புது பாய்லரின் விலையை விசாரிக்க ஆரம்பித்தார்.

இத்தனை வருடம் நான் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தது ஒரு ரகசியமே இல்லை. பட்டறையில் அது தெரியாமல் இருந்தவர் மாஸ்டர் ஒருவர்தான். அவரும் கேட்டார், என்னிடம்.