தேசிக்காய் போட்டுக் கழுவிய பிரிட்ஜ்

கொரோனாக் காய்ச்சல் எனக்கும் என் கணவருக்கும் ஒரே கிழமையில் வந்தது. காய்ச்சல் போனது, இருமல் போனது, போகும்போது என் மூக்கையும் கொண்டு போய்விட்டது. வெங்காயம் கருகுவதும் தெரியாது, பால் அடிப்பிடிப்பதும் தெரியாது. பத்து நாளில் வந்துவிடும் என்றார்கள், பிறகு மூன்று மாதம் என்றார்கள், பிறகு கேட்பதை நானே விட்டுவிட்டேன். அவருக்குப் பத்தாம் நாளே எல்லாம் திரும்பிவிட்டதாகச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ் என்று நெஞ்சில் கை வைத்தேன். அவர் மீன் வியாபாரி. நான் மூக்கில்லாமல் குசினியைச் சமாளிக்கலாம், அவரால் ஒரு நாளும் ஏலாது.

விடியக் கிண்ணியாக் கரையில் மீன் எடுத்து, பெட்டியில் ஐஸ் போட்டு, மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து டவுனுக்குப் போவார். வழக்கமான வீடுகளுக்கும் இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கும் கொடுத்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். முந்தைய நாள் மீனை யாராவது அன்றைய மீனோடு கலந்து வைத்தால் அவருக்கு மூக்கு வேர்த்துவிடும். செவுளைத் திறந்து ஒரு தடவை முகர்ந்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் அப்பால் நடப்பார். அவர் நடந்தால் பின்னால் நிற்பவர்களும் அந்த மீனைத் தொடமாட்டார்கள். கரையில் அவருடைய பெயரே அந்த மூக்கில்தான் இருந்தது.

எனக்கும் ஒரு பெயர் இருந்தது. சுத்தத்தில் நான் பொல்லாதவள். பிறர் வீட்டுக் குசினியில் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதற்குக்கூட இரண்டு தரம் யோசிப்பேன். அது நல்ல குணமில்லை என்று தெரியும், ஆனாலும் விட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில்தான் பிரிட்ஜ் கழுவுவேன். கடையில் போத்தலில் வரும் நீலத் தண்ணீர்கள் எனக்குப் பிடிக்காது; சாப்பாடு வைக்கும் பெட்டிக்குள் அதை ஏன் ஊற்ற வேண்டும்? கரண்டை நிறுத்தி, சாமான்களை வெளியே எடுத்து, கண்ணாடித் தட்டுகளைக் கொஞ்ச நேரம் குளிர் தணிய விட வேண்டும். குளிரோடு சுடுதண்ணீர் பட்டால் வெடித்துவிடும். முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அப்பச்சோடா கரைத்து ஒரு துடைப்பு. பிறகு சாறு வடியும் தேசிக்காய்ப் பாதியை உப்பில் தொட்டுத் தட்டுகளில் தேய்ப்பேன். கதவு ரப்பரின் மடிப்பில் கறுப்பாகப் பூக்கும் பூஞ்சணத்துக்குப் பழைய பல் தூரிகையும் வினாகிரியும் போதும். கடைசியில் உலர்ந்த துணியால் துடைத்து, கீழ்த்தட்டில் ஒரு கோப்பையில் சிரட்டைக்கரி வைப்பேன். மிச்ச நாற்றம் இருந்தால் அது இழுத்துக்கொள்ளும்.

முன்பெல்லாம் முடிந்ததும் தலையை உள்ளே விட்டு மூச்சு இழுப்பேன். அந்தத் தேசிக்காய்ப் புளிப்பு வாசம் வந்தால்தான் எனக்கு வேலை முடிந்த மாதிரி. மூக்குப் போன பிறகு அவரைக் கூப்பிடத் தொடங்கினேன். ஜும்ஆவுக்குக் குளித்துவிட்டு வருபவர் குனிந்து பார்த்து, "நல்லா இரிக்கி" என்பார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் கதவைச் சாத்துவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் தேசிக்காய் இல்லை. வினாகிரியும் முடிந்திருந்தது. வெறும் தண்ணீரால் துடைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"தேசிக்காய் மணம் தூக்குது" என்றார்.

போன கிழமை வாசம் மிஞ்சியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மனம் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, சட்னிப் போத்தலுக்குப் பின்னால் ஒரு துண்டுக் கருவாட்டைத் திறந்தபடி வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். அவர் தலையை நன்றாக உள்ளே விட்டார். "ஒரு குத்தமுமில்ல, பளிச்செண்டு இரிக்கி" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். நான் கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குக் கோபம் வந்தது. கட்டிய பெண்ணிடம் இத்தனை காலம் மறைத்திருக்கிறாரே என்ற கோபம். திரும்பி வந்ததும் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் கேட்டால் அவர் சொல்ல வேண்டி வரும். வாய்விட்டுச் சொன்ன பிறகு மறுநாள் எந்த முகத்தோடு கரையில் போய் நிற்பார்? மணம் தெரியாதவனிடம் யார் மீன் வாங்குவார்கள்? அதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் வீட்டுக்குக் கொண்டுவரும் மீனைக் கையாளும் விதத்தைக் கவனித்தேன். செவுளை மூக்கருகே கொண்டுபோவது வெறும் பழக்கம். பார்ப்பது மீனின் கண்ணைத்தான், பெருவிரல் வயிற்றை அமுக்கிக்கொண்டிருக்கும். கண்ணாலும் விரலாலும் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். நானும் ஒன்றும் தெரியாதவள் போல வெள்ளிக்கிழமைகளில் கூப்பிட்டேன், அவரும் வந்து குனிந்தார். மூக்கே இல்லாத வீடாகிவிட்டதே என்ற பயத்தில், கிழமைக்கு இரண்டு தரம் கழுவத் தொடங்கினேன்.

எட்டு மாதம் அப்படியே போனது. அப்போதுதான் எங்கள் மகள் வந்தாள். மருமகனுக்குப் புல்மோட்டையில் வேலை; கல்யாணத்தில் எங்கள் வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தும், அவனோடு அங்கேதான் இருந்தாள். வயிற்றில் ஐந்து மாதம். சத்தி நிற்கவில்லை, அடுப்படியில் நிற்க ஏலவில்லை, உம்மாவின் சாப்பாடு வேண்டும் என்று வந்தாள். வந்த அன்று பகல் குளிர்ந்த தண்ணீர் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள்.

"உம்மா, என்ன இது, எலி செத்துக் கிடக்குதா?"

"நேத்துத்தான் மகள் கழுவின நான்" என்றேன்.

அவள் துப்பட்டாவால் மூக்கை அடைத்துக்கொண்டு நாற்றம் வரும் இடத்தைச் சொல்லச் சொல்ல, நான் பிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்தேன். உள்ளே பின்பக்கச் சுவரின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கிறது. அதிலிருந்து ஒரு குழாய் இறங்கி, பின்னால் மோட்டருக்கு மேலே இருக்கும் தட்டில் வடியும். மீன் பைகளிலிருந்து ஒழுகிய இரத்தத் தண்ணீர் மாதக்கணக்காக அந்த வழியால் போயிருக்கிறது. தட்டில் கறுப்பாகக் கூழ் போலத் திரண்டு, மோட்டர் சூட்டில் வெந்து கிடந்தது. நான் தேய்த்த தேசிக்காய் ஒன்றும் அந்தத் தட்டை எட்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுப் போனவர்களையெல்லாம் நினைத்தேன். ஒருவராவது சொல்லவில்லை.

தட்டைக் கழற்றிப் பின்வாசலில் வைத்து, கொதிதண்ணீரும் அப்பச்சோடாவும் போட்டுத் தேய்க்கத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவர் மீன் பையோடு வேலியோரமாக வந்துகொண்டிருந்தார்.

"உங்களுக்குத்தான் மணக்கிறல்ல" என்றாள் மகள். "வாப்பாவுக்குமா மணக்கல்ல?"

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வாப்பா சொன்னவர்தான். நான்தான் நாளைக்கு நாளைக்கு எண்டு விட்டுட்டன்."

"எத்தின மாசமா? இந்த ஊத்தைக்குள்ளயா எனக்குச் சாப்பாடு வச்சுத் தரப் போறீங்க? நான் திரும்பிப் போறன் உம்மா."

ஊத்தை என்ற சொல்லை என் குசினியைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. அதைப் பெற்ற பிள்ளையின் வாயால் கேட்டேன். பொய் சொன்னதில் எனக்கு வருத்தம் இருக்கவில்லை, அந்தச் சொல்தான் சுட்டது. தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"உம்மாவ ஏசாத மகள்" என்றார் அவர். "அவ பொய் சொல்றா. எனக்கும் ஒண்டும் மணக்கிறல்ல. அந்தக் காய்ச்சலோட போனது, வரவேயில்ல."

மகள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு அவர் மேல் ஆத்திரம் பொங்கியது. நான் ஏற்றுக்கொண்ட அவமானத்தை இப்படி ஒரு நொடியில் வீணாக்கிவிட்டாரே என்று.

"உனக்குத் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியும்" என்றேன்.

அவர் பையைத் திறந்து இரண்டு விளைமீன்களை எடுத்து மகளிடம் நீட்டினார். டவுனில் கொடுத்து மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவருவது அவர் வழக்கம். "இத ஒருக்கா மணந்து பாரு மகள்" என்றார். அவருடைய குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அவர் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை.

மீன் என்றாலே அவளுக்குக் குமட்டும். இருந்தும் துப்பட்டாவை இறக்கினாள். ஒவ்வொன்றாக வாங்கிச் செவுளைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். ஒன்றைக் காட்டி, "இது நல்லம் வாப்பா" என்றாள். மற்றதை முகர்ந்ததும் கீழே போட்டுவிட்டு வேலியோரம் போய்ச் சத்தி எடுத்தாள். நான் ஓடிப்போய் அவளுடைய முதுகைத் தடவினேன்.

அவர் கீழே கிடந்த மீனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார்.

"ரெண்டும் ஒரே பெட்டி" என்றார். "அப்ப டவுனுல குடுத்தது? இவ்வளவு நாளும் குடுத்தது?"

அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அந்த எட்டு மாதமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த மீன்கள் யார் யார் வீட்டுச் சட்டியில் போய் விழுந்தன என்று நான் ஒரு நாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை.