கெட்டியாகிப் போன கால்

பிசியோதெரபி தொழிலில் என்னோடு சேர்ந்து அவதிப்படுகிறவர்களுக்குத் தெரியும், நோயாளியின் வீட்டார் சிரித்துக்கொண்டு வரும்போதுதான் நமக்குப் பயம் வரும்.

திருநீறோடு வந்தவர்

பழனிசாமி, திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் போடும் ரிக் லாரிக்கு டிரைவர். பக்கவாதத்தில் இடது கால் துணி மாதிரித் துவண்டுவிட்டது. அவர் வந்து ஓட்டட்டும் என்று முதலாளி வேறு டிரைவரைப் போடாமல் வைத்திருந்தார். சில வாரம் கழித்து அவர் மனைவி சரசு, அஸ்தம்பட்டியில் இருக்கிற என் கிளினிக்குக் கோயில் திருநீறோடு வந்தார். கால் விறைக்கத் தொடங்கியிருந்ததைக் குணமாகிறது என்று நினைத்துவிட்டார். எங்கள் பக்கம் கெட்டி என்றால் நல்லது என்றுதான் அர்த்தம். எப்படி மறுப்பேன்?

"கால் நல்லா கெட்டியாயிருச்சுங்க மேடம். இனி கிளட்ச் மிதிச்சுருவாருங்க."

விளக்கம்

பழனிசாமியிடம் உள்ளதைச் சொன்னேன். தசைக்குள் மெல்லிய இழைகள் இருக்கின்றன. தசை எவ்வளவு இழுபடுகிறது என்று உணர்வது அவைதான். அவற்றை எவ்வளவு முறுக்கோடு வைப்பது என்பதில் மூளையின் சமநிலை மையங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மையங்களை மேலிருந்து அடக்கிவைத்த பகுதி அடிபட்டுவிட்டதால், லேசாக இழுத்தாலே கால் விறைத்துக்கொள்கிறது. அவர் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டார்.

"பிரேக் புடிச்சுக்கிட்டு உடமாட்டேங்குதுன்னு சொல்லுங்க."

கதவுக்கு வெளியே

படுக்க வைத்தால் கொஞ்சம் மடங்கும் கால், எழுந்து நின்றதும் கம்பியாகிவிடும். விழுந்துவிடுவோமோ என்ற பயம் வந்தால் இன்னும் மோசம். சரசுவோ பின்னாலேயே நின்று, "பாத்துங்க, உழுந்துருவீங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்லச் சொல்லக் கால் விறைக்கும். பொறுக்க முடியாமல் அவரை வெளியே நிற்கச் சொன்னேன். பாவம், கண் கலங்கிவிட்டது.

"சும்மா நின்னா, புருசன் மேல அக்கறையில்லன்னு ஊருக்குள்ள பேசுவாங்க மேடம்."

லாரி

கைத்தடியோடு நடக்கத் தொடங்கியதும் பழனிசாமி ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றார். முதலாளி லாரியைக் கிளினிக் வாசலுக்கே அனுப்பிவைத்தார். நாங்கள் தாங்கிப்பிடித்து ஏற்றிவிட்டோம். கிளட்சை மிதித்தார். மிதித்த கால் திரும்பி வரவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துத் தூக்கித்தான் எடுத்தார். அவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே நின்ற மனைவியிடம் சாவியை நீட்டினார்.

"மொதலாளிகிட்டக் குடுத்துரு சரசு. ஓடுற வண்டிய எனக்காவ நிறுத்தி வெக்க வேண்டாம்னு சொல்லு."

லாரி ஓட்ட முடியாது என்பதை அவரே நடந்துபோய்த் தெரிந்துகொள்ளும் அளவுக்குக் குணப்படுத்தியிருக்கிறோம், எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் நல்ல முன்னேற்றம்.