பூட்டு மாட்டாத ஆக்னஸ்

எந்தப் பழைய ஃபிரிட்ஜைத் திறந்தாலும் ஆக்னஸ் முதலில் தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு, மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுவரை. பிறகு வெளியே வந்து, "இதுல மீன் வெச்சிருக்காங்க மா. சைவ வீட்டு ஐட்டம்னு சொல்லி உன் தலையில கட்டிட்டான்" என்பார். ஐம்பது வருடத்துக்கு முந்தைய மீன் இப்போது எப்படி நாறும் என்று கேட்டால், "மூக்கு என்னுது" என்று பதில் வரும்.

வயது அறுபத்திரண்டு. மல்காஜ்கிரியில் வீடு, பாலாநகரில் ஒரு தகரக் கொட்டகை. புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, சட்டைப் பையில் தகரம் அசலா என்று சோதிக்க ஒரு காந்தம். குடும்பம் செகந்தராபாத்துக்கு வந்து நாலு தலைமுறை ஆகிறது. கணவர் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவர். அவர் போன பிறகு ஸ்ப்ரே கன் இவர் கைக்கு வந்தது. கார்களை விட்டுவிட்டுச் சமையலறைகளைப் பிடித்துக்கொண்டார். மாதாப்பூரில் இப்போது அதற்குத்தான் கிராக்கி. இருபதாவது மாடியில் குடியிருப்பவர்களுக்கு அறுபதுகளின் சமையலறை வேண்டுமாம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான், ரொம்பக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது.

முதல் நாள் இரண்டே கேள்விகள் கேட்டார். "பழசு வேணுமா, பழசு மாதிரி வேணுமா?" பழசு என்றேன். "சமையல் நீயா, ஆளா?" ரோகிணி என்று ஒரு பெண் வருகிறாள் என்றேன். "ஹவ்" என்று ஹைதராபாத் 'ஆமா'வை இழுத்தவர், அடுப்படியில் நின்ற ரோகிணியை ஒருமுறையும் என்னை இரண்டுமுறையும் பார்த்தார். எதற்கு அந்த இரண்டாவது பார்வை என்று அன்றே எனக்கு உறுத்தியது.

வேலையில் குறை சொல்ல முடியாது. டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, கறுப்பும் சிவப்புமாகப் பொடிக்கல் தெரியும் மொசைக் தரை போட்டார். விளிம்பில் அலுமினியப் பட்டை வைத்த சன்மைகா மேசை, 'டொக்'கென்று விழும் கறுப்பு உருண்டை ஸ்விட்சுகள், தோள் வளைந்த ஃபிரிட்ஜுக்கு இளம்பச்சை. அந்தப் பச்சைக்கு மூன்று நாள் கலந்து கலந்து அழித்தார். எங்கள் மாடியில் யாரோ ஒரு டிசைனர், அலமாரிக் கதவில் கொஞ்சம் துரு தெரிந்தால் அழகாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு வாரம் அதையே சொல்லி மாய்ந்துபோனார். "துரு வேணுமாம்! சாப்புடுற எடத்துல! வீட்டுல அம்மா இல்லியா அவனுக்கு?"

எனக்குச் சந்தேக புத்தி. கூரியர்காரர் சிரித்தால்கூட ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். ஆக்னஸ் அதற்கு நிறையவே தீனி போட்டார். எங்கள் வீட்டில் சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டார். ரோகிணி டீ நீட்டினால், "நக்கோ மா" என்று, வேண்டாமெனக் கையால் டம்ளரை மறைப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பை. தினமும் கிளம்பும்போது வாசலில் நின்று, தோள்பையின் ஜிப்பை முழுசாகத் திறந்து என் முகத்துக்கு நேரே பிடிப்பார். டிபன் டப்பா, கண்ணாடிக் கூடு, உப்புத்தாள் துண்டு. "பாத்துட்டியா?" என்று கேட்டு மூடிக்கொண்டு போவார். யாரும் கேட்காமல் ஒருத்தர் பையைத் திறந்து காட்டினால் என்ன அர்த்தம்? பையில் இல்லாதது வேறெங்கோ இருக்கிறது என்றுதானே?

இருந்தது. பழைய சாமான் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய வலைக்கதவு அலமாரியைப் புதுப்பிக்கக் கொட்டகைக்கு எடுத்துப் போனார். அதன் பித்தளைப் பூட்டுக்காகவே அதை வாங்கியிருந்தேன். அலமாரி திரும்பி வந்தபோது பூட்டைக் காணோம். சாவித்துளை இருந்த இடத்தில் மரத்தூள் வைத்து அடைத்து, தேய்த்து, பச்சை அடித்திருந்தார். விரலால் தடவினாலும் தெரியவில்லை.

"பூட்டு எங்க ஆன்ட்டி?"

"பூட்டு நக்கோ மா. நான் மாட்டுறதில்ல."

"அழகுக்குத்தான் கேக்குறேன்."

"அழகுக்கு யாராவது பூட்டுவாங்களா? கைக்கு?" ஏன் என்பதற்கு அவர் வாயில் எப்போதும் அந்த ஊர் 'கைக்கு'தான்.

கோபம் வந்தது. கீழே மூணாம் மாடி சுபாஸ்ரீ வீட்டுக்கும் இவர்தான் வேலை செய்திருந்தார். போய்ப் பார்த்தேன். அங்கேயும் ஃபிரிட்ஜில் பூட்டு இல்லை, அலமாரியில் பூட்டு இல்லை. "நான் கவனிக்கவே இல்லயே தாரிணி!" என்றாள் சுபாஸ்ரீ. எனக்குக் கணக்கு நேராகிவிட்டது. ஊரார் வீட்டுப் பழம்பித்தளையெல்லாம் ஒரே இடத்துக்குப் போகிறது.

சனிக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் பாலாநகர் கொட்டகைக்குப் போனேன். ஆக்னஸ் ஸ்டூலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. "பூட்டுக்குத்தானே வந்தே?" என்று இடதுகையால் ஒரு பெரிய பிஸ்கட் டின்னைத் தள்ளினார். உள்ளே முப்பது நாற்பது பூட்டுகள். ஒவ்வொன்றிலும் சாவியோடு ஒரு அட்டை கட்டியிருந்தது. சுபாஸ்ரீ, மூணாம் மாடி. தாரிணி, மாதாப்பூர். ஒன்றுகூட விற்கப்படவில்லை. எண்ணெய்கூடப் போட்டு வைத்திருந்தார்.

"எடுத்துட்டுப் போ. வேற ஆள வெச்சு மாட்டிக்கோ. வேலையே இல்லேன்னாலும் நான் மாட்டமாட்டேன்."

ஏன் என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் சொன்னார்.

"அம்மா மாரேட்பள்ளியில ஒரு பங்களாவுல சமைச்சாங்க மா. எல்லாத்துக்கும் பூட்டு. கிறிஸ்மஸ் கேக்குக்குன்னு திராட்சைய ரம்முல ஊறப்போட்டு அலமாரில வெச்சுப் பூட்டுவாங்க. ஒருநாள் சாவி பூட்டுலயே தொங்கிட்டு இருந்துச்சு. எனக்கு ஏழு வயசு. பாதி ஜாடிய நான்தான் தின்னேன். தின்னுட்டு அங்கயே சுருண்டு தூங்கிட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாம? என் வாய மோந்து பாத்தாங்க. வீட்டம்மா கேட்டப்போ 'நான்தான்'னு சொல்லிட்டாங்க. வேலைய விட்டு எடுக்கல. அதுக்குப் பதிலா தெனம் போறப்போ பைய விரிச்சுக் காட்டணும். பதினோரு வருஷம் காட்டுனாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்."

"நீங்க ஏன் ஆன்ட்டி இப்ப காட்டுறீங்க?"

"நீ கேக்குறதுக்குள்ள காட்டிட்டா, உனக்குக் கேக்குற பாவம் இல்ல, எனக்குக் கேட்டுக்குற பாவம் இல்ல."

அழகுக்குத்தான் என்று நான் சொன்னது பொய். முந்திரி டப்பா குறைகிறதோ என்று நான் பார்க்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நெய் பாட்டிலில் மட்டம் தெரிய மார்க்கர் கோடுகூடப் போட்டிருந்தேன். ஆக்னஸ் அந்தக் கோட்டைப் பார்த்திருப்பார். மோந்து பார்க்கிற மனுஷி அதைப் பார்க்காமல் இருப்பாரா? வெட்கமாக இருந்தது. ஆனாலும் என் பூட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

கடைசி நாள் வந்து அலமாரியின் நாலு கால்களுக்கும் கல் கிண்ணி வைத்து, எறும்பு ஏறாமல் தண்ணீர் ஊற்றினார். காந்தத்தை ஒருமுறை ஃபிரிட்ஜ் கதவு முழுக்க ஒட்டிப் பார்த்தார். திருப்தி. ரோகிணியும் அதே நேரம் சமையல் முடித்துக் கிளம்பினாள். இருவரும் வாசலில் செருப்பு மாட்டினார்கள். ஆக்னஸ் வழக்கம்போல ஜிப்பை இழுத்துப் பையை என் பக்கம் பிடித்தார்.

"வேண்டாம் ஆன்ட்டி" என்றேன். சொல்லும்போதே என் கண் பைக்குள்ளே போய்விட்டது.

பின்னால் ரோகிணி தன் துணிப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள். இந்த மூன்று வாரமாக இந்த வாசலில் நடந்ததை அவளும்தானே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் 'உனக்கு எதற்கு' என்றும் சொல்லவில்லை, அதுதான் உண்மை. அவள் பையின் ஜிப்பைத் திறக்க ஆரம்பித்தாள்.

ஆக்னஸ் சட்டென்று அவள் கையைப் பிடித்தார். திறந்த ஜிப்பைக் கடைசிப் பல்வரை இழுத்து மூடினார். பையை அவள் தோளிலேயே திரும்ப மாட்டிவிட்டு, "நீ நக்கோ. நட" என்று லிஃப்ட் பக்கம் தள்ளினார். பிறகு என் பக்கம் திரும்பி, தன் பையை மட்டும் அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, நான் பார்த்து முடிக்கும்வரை வாசலில் நின்றார்.