சுகாசினியின் பதினேழு வாரம்

ஏஞ்சலின் தோளுக்கென்று கடையில் ஒரு பேர் இருந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் அவள் வேலை பார்த்த பட்டுக் கடையின் முதல் மாடியில், "ஏஞ்சல் மேல போட்டுக் காட்டினா அந்தப் புடவை திரும்பி அலமாரிக்குப் போகாது" என்று சொல்வார்கள். முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்கள் விரித்துப் போட்டதைப் பார்த்து மட்டும் திருப்தி அடைவதில்லை. கடைப் பெண் ஒருத்தி எழுந்து நின்று, சீருடைச் சேலைக்கு மேலேயே நாலு கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் சரித்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பலில் ஐந்து வருஷமாக ஏஞ்சலை மிஞ்ச ஆளில்லை. டைல்ஸ் போடுகிற அந்தோணியின் மகள், ஓரிக்கையிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வருகிறவள், அந்தக் கண்ணாடி முன்னால் மட்டும் மகாராணி.

மகாராணிக்கும் ஒரு சட்டம் உண்டு. முகத்தில் பவுடர், க்ரீம், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. பட்டு கழுத்திலும் தாடையிலும் உரசும். ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் போதும், புடவை போச்சு. அதனால் காலை ஒன்பதரைக்கு எல்லாப் பெண்களும் சோப்புப் போட்டு முகம் கழுவிவிட்டுத்தான் மாடி ஏற வேண்டும். மாடி மேற்பார்வையாளர் கதிர்வேல் படிக்கட்டின் உச்சியில் நின்றுகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்து அனுப்புவார்.

போன வருஷம் ஏஞ்சலின் தாடையில் பருக்கள் வந்தன. இருபத்தைந்து வயதில் என்ன பரு என்று அவளுக்கு எரிச்சல். ஒன்று அமுங்கினால் இரண்டு கிளம்பியது. "கல்யாணம் ஆனா தானா போயிடும்" என்றாள் அம்மா செல்லியம்மாள். அவளிடம் எந்தக் கேள்விக்கும் இந்த ஒரு பதில்தான் இருந்தது.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் ஏஞ்சலுக்கு ஆறுதலாக இருந்தது அம்மாவும் இல்லை, சாமியும் இல்லை. சுகாசினியின் முகம்தான். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வரும் சுகாசினி அதே பிரிவில் அவளுக்கு அடுத்த ஆள். அவளுக்கு நெற்றி, கன்னம், தாடை என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் பருக்கள். புடவை மேலே போட்டுக் காட்டச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. எடுத்துக் கொடுப்பது, மடித்து வைப்பது என்றே அவள் பொழுது போகும். ஏஞ்சல் தினமும் காலையில் சுகாசினியை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டு, "நமக்கு எவ்வளவோ தேவலை" என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவாள். இதில் பாவம் எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

தை மாசம் சுகாசினி தோல் டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒரு மாசத்தில் அவள் முகம் இருந்ததைவிட மோசமாகிப் போனது. சிவந்தது, தோல் உரிந்தது, புதிதாகப் பருக்கள் வேறு. மருந்து தொடங்கிய வாரத்திலிருந்தே அவளை மாடியில் காணோம். பின்பக்கம் ஜன்னல் இல்லாத மடிப்பு அறையில், பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து புடவை மடித்துக்கொண்டிருந்தாள். கதிர்வேல்தான் தூக்கி உள்ளே போட்டுவிட்டார் என்று ஏஞ்சலே முடிவு கட்டினாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சுகாசினி காதில் விழும்படியாகவே, "மாடியில காய வெச்ச வத்தல் மாதிரி ஆயிட்டா பாரு" என்றாள். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஏஞ்சல் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

வைகாசியில் வத்தல் திரும்பி வந்தது.

மடிப்பு அறையிலிருந்து வெளியே வந்த சுகாசினியை முதலில் ஏஞ்சலுக்கு அடையாளமே தெரியவில்லை. மாநிறக் கன்னம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. இரண்டொரு பழைய வடு தவிர ஒன்றுமில்லை. கதிர்வேல் அவளைக் கண்ணாடிப் பக்கம் நிறுத்தினார். அன்றைக்கே மூன்று புடவை அவள் தோளிலிருந்து விலை போனது. ஏஞ்சலுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. தனக்குக் கீழே இருந்த ஒருத்தி இத்தனை நாள் அங்கேயே இருப்பதாக ஏதோ வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றியது போல அவளுக்குக் கோபம் வந்தது.

"இன்னாடி போடுற மூஞ்சிக்கு?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள், சும்மா கேட்பது போல.

சுகாசினி ஒளிக்கவில்லை. "டாக்டர் குடுத்த ஜெல்லுதான். நீயும் வாயேன், சனிக்கிழமை நான் கூட்டிக்கினு போறேன். அவங்க பாத்து, உனக்கு எது ஒத்துக்கும்னு சொல்லுவாங்க."

போயிருக்கலாம். போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சுகாசினி கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் வாசலில் போய் உட்காருவதா? "எனக்கு எதுக்கு? உனுக்கு வந்த மாதிரியா எனக்கு வந்துச்சு?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

எழுந்து போனவள் மறுநாள் சுகாசினி முகம் கழுவப் போன நேரத்தில் அவள் கைப்பையைத் திறந்தாள். விரல் நீளத்தில் ஒரு ட்யூப். அடாபலின் ஜெல் என்று போட்டிருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டு பையை மூடினாள். பைக்குள்ளேயே மடித்து வைத்திருந்த டாக்டர் சீட்டை அவள் பிரித்துப் பார்க்கவில்லை. ட்யூப்தானே வேண்டும், சீட்டு எதற்கு?

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக் கடையில் படத்தைக் காட்டினாள். கடைக்காரர் சிட்டிபாபு, "சீட்டு இருக்குதாமா?" என்றார். "வீட்ல வெச்சுட்டு வந்துட்டேண்ணா" என்றாள். அவர் அவளையும் ட்யூபையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டாக்டர் சொன்ன அளவுதான் போடணும், சரியா?" என்று கொடுத்தார். ஏஞ்சல் பெரிதாகத் தலையாட்டினாள்.

அவசரத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆவணி முகூர்த்தங்களுக்காகக் கடையில் ஒரு வீடியோ எடுக்கப் போகிறார்கள், ஒரே ஒரு பெண் புதுப் புடவைகளைக் கட்டிக்கொண்டு நிற்பாள், ஆடி கடைசியில் எடுப்பது என்று கதிர்வேல் சொல்லியிருந்தார். ஐந்து வருஷமாகத் திரும்பித் திரும்பி நின்றவள் ஏஞ்சல். அந்த இடம் அவளுடையது. மூன்று வாரம்தான் இருந்தது. சுகாசினிக்கு நாலு மாசம் பிடித்தது என்றால் அவள் கஞ்சத்தனமாகப் போட்டிருப்பாள் என்று ஏஞ்சல் கணக்குப் போட்டாள். அதனால் இட்லிக்குச் சட்னி தொடுகிற மாதிரி தாராளமாக எடுத்து, காலையில் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம், முகம் முழுக்கத் தேய்த்தாள். தேய்த்த முகத்தோடு ஆடி வெயிலில் பஸ்ஸுக்கு நின்றாள்.

ஐந்தாம் நாள் முகம் இழுத்தது. எட்டாம் நாள் தண்ணீர் பட்டாலே தீ பட்ட மாதிரி இருந்தது. வாயோரத்திலும் தாடையிலும் தோல் செதில் செதிலாக உரிந்து, அதற்கு நடுவில் புதுப் பருக்கள் சிவப்பாக எழுந்தன. "எந்தக் கருமத்தைடி பூசிக்கினு வந்த?" என்று செல்லியம்மாள் அலறினாள். ஏஞ்சல் சளி என்று சொல்லி மாஸ்க் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். கதிர்வேல் மாஸ்க்கைக் கழற்றச் சொல்லவில்லை. அவருக்குச் சளி என்றால் பயம்.

மருந்தை நிறுத்தத்தான் மனசு வரவில்லை. சுகாசினிக்கும் முதலில் இப்படித்தானே ஆனது, இன்னும் ஒரு வாரம் போனால் நமக்கும் தெளிந்துவிடும் என்று அதையே நம்பினாள். பன்னிரண்டாம் நாள் காலையில் எரிச்சல் தாங்காமல், சோப்புப் போட்டுக் கழுவிய முகத்தில் கழிவறைக்குள் நின்றுகொண்டு தேங்காய் எண்ணெயைத் தடவினாள். தாடையிலும், தாடைக்குக் கீழே கழுத்திலும். மேலே மாஸ்க். யாருக்குத் தெரியப் போகிறது?

அன்று உத்திரமேரூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். சந்தன நிறத்தில் அரக்குக் கரை போட்ட புடவை அவர்களுக்குப் பிடித்துப்போனது. ஏஞ்சல் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். மணப்பெண்ணின் அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "எங்க பொண்ணு மாநிறம். அந்தப் பொண்ணு மேல போட்டுக் காட்டுங்களேன்" என்று சுகாசினியைக் காட்டினாள். ஏஞ்சல் பல்லைக் கடித்துக்கொண்டு புடவையைக் கழற்றிக் கொடுத்தாள். சுகாசினி போட்டுக்கொண்டு விளக்குக்கு நேராகத் திரும்பினாள். தோள் மடிப்பில் கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை பளபளத்தது.

கதிர்வேல் கல்யாண வீட்டார் முன்னால் ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்த முகத்தோடு வேறு புடவை எடுத்துப் போட்டு, வியாபாரத்தை முடித்து, அவர்களை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். எண்ணெயை உறிஞ்சட்டும் என்று கறை மேல் டால்கம் பவுடரைக் கொட்டி மூடி வைத்தார். பிறகுதான் திரும்பினார்.

"சுகாசினி, மூஞ்சிக்கு மருந்து போடுறது நீதான். காலையிலயும் பூசிக்கினு வந்தியா?"

"இல்லண்ணா. இப்பல்லாம் ராத்திரி மட்டும்தான் போடுறேன்."

"அப்ப இது எங்கேர்ந்து வந்துச்சு? வானத்துலேர்ந்தா?"

சுகாசினி பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது அவள் கண் ஏஞ்சல் பக்கம் போனது. மாஸ்க்குக்கு மேலே, கண்ணுக்குக் கீழே, உரிந்து நின்ற தோலை அவள் பார்த்தாள். காதோரச் சிவப்பைப் பார்த்தாள். பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தோலை நாலு மாசம் தன் முகத்தில் வைத்திருந்தவளுக்குத் தெரியாதா?

சுகாசினி எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

"சரி, வீடியோவுக்கு உன்னத்தான் வெச்சுக்கலாம்னு இருந்தேன். வேணாம். ஏஞ்சல், நீ நில்லு. அதுக்குள்ள சளியெல்லாம் சரி பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கதிர்வேல் கீழே இறங்கிப் போனார்.

கேட்டது கிடைத்தது. இனிமேல் சந்தோஷப்பட வேண்டியதுதான் பாக்கி. ஏஞ்சல் கழிவறைக்குப் போய் மாஸ்க்கைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்தாள். பின்னாலேயே சுகாசினி வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று ஏஞ்சல் தயாரானாள்.

"எத்தினி நாளா போடுற?"

"பன்னெண்டு நாளா. ரெண்டு வேளையும்" என்றாள் ஏஞ்சல், கண்ணாடியைப் பார்த்தபடி.

"ரெண்டு வேளையுமா? ஐயோ, பட்டாணி அளவுதான்டி, மூஞ்சி முழுக்கவே அவ்ளோதான். ராத்திரி மட்டும். அதுக்கு மேல டாக்டர் சொன்ன க்ரீம் பூசணும், வெயிலுக்குன்னு ஒண்ணு தனியா இருக்குது. இப்போதிக்கு நிறுத்து. நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டு."

திட்டியிருந்தால் ஏஞ்சல் திருப்பித் திட்டியிருப்பாள், மனசும் ஆறியிருக்கும். இப்போது அதற்கும் வழியில்லை. முகம்தான் அவளுக்குத் தெளிந்தது என்றால் இந்தக் குணமுமா அவளுக்கே வாய்க்க வேண்டும் என்று புதிதாக ஒரு பொறாமை கிளம்பியது. அந்தப் பொறாமையில்தான் அவள் விறுவிறுவென்று கீழே இறங்கினாள். நல்ல புத்தி வந்து இறங்கினாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நல்லவள் என்ற பேரையும் சுகாசினியே தட்டிக்கொண்டு போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"அண்ணா, அந்த எண்ணெய் என்னுது" என்று மாஸ்க் இல்லாத முகத்தோடு கதிர்வேல் முன்னால் நின்றாள்.

அவர் அவளைப் பார்த்துப் பதறிப்போனார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கோபம் வந்தது. "உனுக்கு வாய் இல்லியாமா? அந்தப் பொண்ணுக்கு இருந்துச்சே! 'முகத்துல காலையிலயும் க்ரீம் பூசணும்ணா, புடவையில பட்டுடும், நான் உள்ள உக்காந்து மடிக்கிறேன்'னு தானா வந்து கேட்டுக்கினு போச்சு. கமிஷன் போனாலும் பரவால்லன்னு நாலு மாசம் அந்த இருட்டுல இருந்துச்சு. நான் இன்னா, வேணாம்னா சொன்னேன்?"

ஏஞ்சல் தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் தூக்கி உள்ளே போடவில்லை. வத்தல் தானாகத்தான் உள்ளே போயிருக்கிறது.

மறுநாள் டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார். பத்து நாள் எதுவும் போடாமல் தோலை ஆறவிட்டு, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்கச் சொன்னார். மூன்று மாசத்துக்கு முன்னால் கண்ணாடியிடம் எதுவும் எதிர்பார்க்காதே என்றார். ஏஞ்சல் மடிப்பு அறைக்குப் போனாள்.

சுகாசினியை வைத்து வீடியோ எடுத்த அன்று மாடியில் ஒரே விளக்கும் சத்தமும். மடிப்பு அறை வரைக்கும் சிரிப்புக் கேட்டது. ஏஞ்சல் காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக, அட்டை எடுப்பதற்கு அலமாரிக் கதவைத் திறந்தாள். கதவின் உள்பக்கத்தில் பேனாவால் கோடுகள் போட்டிருந்தன. எண்ணினாள். வாரத்துக்கு ஒன்றாகப் பதினேழு. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் சுகாசினியின் பொடி எழுத்தில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. முதல் கோட்டுக்கு "எரிச்சல்". மூன்றாவதற்கு "தோல் உரியுது". நாலாவதற்கு "அம்மா அழுதா". பதினொன்றாவதற்கு "கன்னம் பரவால்ல".

ஆறாவது கோட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது: "இன்னிக்கு ஏஞ்சல் சிரிச்சா".

ஏஞ்சல் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எந்த நாள் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குச் சாப்பிட்டது லெமன் சாதம் என்பதுகூட ஞாபகம் இருந்தது.

வீடியோ முடிந்து சுகாசினி உள்ளே வந்தாள். தோளில் அதே சந்தன நிறப் புடவை, கறை போன இடம் தெரியவில்லை. அழகாக இருந்தாள். அதைப் பார்த்ததும் ஏஞ்சலுக்கு வயிறு எரியத்தான் செய்தது, அதில் ஒரு குறைச்சலும் இல்லை. சுகாசினி புடவையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, மாஸ்க் இல்லாத அந்த முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"காதுகிட்ட சிவப்பு கம்மியாயிருக்குது" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

ஏஞ்சல் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு பேனாவை எடுத்து, பதினேழாவது கோட்டுக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டுத் தன்னுடைய முதல் கோட்டைப் போட்டாள். பக்கத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தாள்.

"இன்னிக்கு சுகாசினி சிரிக்கல" என்று எழுதினாள்.