பத்தாவது ஆள்

செலிக் ஹாஃப்னரைப் பற்றிக் கல்லூரிக்காரர்கள் ஒரு மலர் போட்டிருக்கிறார்கள். அதில் இருப்பதெல்லாம் உண்மைதான். அதனால்தான் எனக்கு இதை எழுதத் தோன்றியது.

எங்கள் ஊர்ப் பால் பண்ணையில் முப்பத்தெட்டு வருடம் கொதிகலன் பார்த்தவன் அவன். முன்கோபி. சதுரங்கத்தில் தோற்றால் இரண்டு நாள் பேச மாட்டான். மலரில் இது இல்லை. ‘வாழும் சாட்சி’ என்று போட்டிருக்கிறார்கள்.

சிரெத் ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரில் ஒரு காலத்தில் யூதர்கள் நாலாயிரம் பேர். போர் கொண்டுபோனது போக, அப்புறம் இஸ்ரேலுக்குக் கப்பலேறியவர்கள் போக, மிஞ்சியது பத்துக் கிழவர்கள். பத்து யூத ஆண்கள் கூடினால்தான் எங்களுக்குச் சபை. சபை இருந்தால்தான் செத்தவர்களுக்குக் காதிஷ் ஜெபம் சொல்ல முடியும். ஒன்பது பேர் நாள் முழுக்க நின்றாலும் ஒன்றும் ஆகாது.

ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவது எங்களுக்கு ஆகாது. எங்கள் வேதத்தின் சங்கீதப் பாடல்களில் பத்துச் சொல் உள்ள வரி ஒன்று உண்டு. சபைத் தலைவர் பெர்கு அதைச் சொல்லிக்கொண்டே ஆளுக்கொரு சொல்லாக விரல் நீட்டுவார். கதவோரம் நிற்கும் செலிக்குக்குத்தான் எப்போதும் கடைசிச் சொல். இருபத்திரண்டு வருடம் அதை அவன் வாங்கிக்கொண்டான். காய்ச்சலோடு வந்திருக்கிறான்; பல் பிடுங்கி வீங்கின கன்னத்தோடு வந்திருக்கிறான். அவன் வந்ததால்தான் என் மனைவிக்கு நான் காதிஷ் சொன்னேன், தன் தம்பிக்கு பெர்கு சொன்னார்.

ஆறு வருடத்துக்கு முன் கல்லூரியில் யூதவியல் என்று ஒரு படிப்பு வந்தது. வரலாறு, சமயம், இசை, சமூகவியல் எல்லாம் கலந்த பல்துறைப் படிப்பாம். மாணவர்கள் முப்பது பேர், ஒருவர்கூட யூதர் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, அனுப்பி வைக்க எங்களிடம் பிள்ளைகள் இருந்தால்தானே. நாங்கள் மறந்த பாட்டுகளை அவர்கள் அட்சரம் பிசகாமல் பாடுவார்கள். கேட்கும்போது சந்தோஷமாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும்.

படிப்பை நடத்தும் பேராசிரியை கமேலியா வருடத்துக்கு ஒரு முறை செலிக்கை வகுப்புக்கு அழைப்பார். அவனும் முகம் மழித்து, டை கட்டிக்கொண்டு போவான். ஓய்வுநாளான சனிக்கிழமையில் நாங்கள் நெருப்பு மூட்டக் கூடாது, பிறரை மூட்டச் சொல்லவும் கூடாது என்பதை அவன் சொல்லும் விதத்துக்கே பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

“எங்க அப்பா காலத்துல பக்கத்துத் தெரு வசிலே ஜெப ஆலயத்துக்குள்ள சும்மா எட்டிப் பாப்பாரு. அவர் யூதர் இல்ல. ‘அடுப்ப மூட்டு’ன்னு சொல்லப்படாது. ‘ரொம்பக் குளிருது, வசிலே’ன்னு மட்டும் சொல்லணும். அவரு புரிஞ்சுக்குவாரு. அதையே எங்காளு ஒருத்தன்கிட்ட சொல்லிப் பாருங்க. ‘ஆமா, குளிருது’ன்னுட்டு உக்காந்திருப்பான்.”

வகுப்பே சிரிக்கும்.

அந்த வகுப்பில் இலிங்கா என்று ஒரு பெண். செலிக்கின் மனைவி மினா இறந்துபோன பிறகு மாதம் ஒரு முறை அவனுக்குப் பிளம் ஜாம் கொண்டுவந்து கொடுப்பாள். அவனுக்குப் பரிசாக அவன் குடும்ப மரத்தை வரைய ஆசைப்பட்டாள். நகராட்சி ஆவணம், தேவாலயப் பதிவேடு என்று ஒரு பருவம் முழுக்கத் தேடினாள். நவம்பரில் கல்லூரிக் கண்காட்சியில் அதைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினார்கள். நாங்கள் பத்துப் பேரும் முன்வரிசை.

செலிக் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் படித்தான். அவனுக்கு இரண்டு வயதில் செத்துப்போன தாயின் பெயர் பெர்லா என்றுதான் அவன் அப்பா சொல்லியிருந்தார். படத்தில் பரஸ்கிவா என்று இருந்தது. பக்கத்தில் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவின் நகல். அவள் யூத மதத்துக்கு மாறியதாக எங்கும் தாள் இல்லை. எங்கள் சட்டத்தில் தாய் யூதர் என்றால்தான் பிள்ளை யூதன்.

யாரும் கைதட்டவில்லை. இலிங்கா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். யூதச் சட்டம் அவர்களுக்கு அடுத்த பருவத்தில்தான் பாடமாம்.

பெர்கு புக்காரெஸ்ட்டில் இருக்கும் எங்கள் மதகுரு ரபிக்கு எழுதினார். ஒரு வருடம் படித்துவிட்டுத் தீர்ப்பு மன்றத்தின் முன் வந்து மதம் மாறட்டும் என்று பதில் வந்தது. செலிக்குக்கு எழுபத்து நாலு வயது. எங்கள் எல்லோரையும்விட அதிகம் ஜெபம் தெரிந்தவன். கமேலியா மனம் பொறுக்காமல், முதலாண்டு வகுப்பில் அவன் இலவசமாக உட்காரலாம், சான்றிதழும் தருகிறேன் என்றார்.

“குடுங்க மேடம்,” என்றான் செலிக். “எம் பெட்டியில வச்சு அடக்கம் பண்ணட்டும்.”

இருபத்திரண்டு வருடம் நாங்கள் சொன்ன காதிஷெல்லாம் செல்லுமா என்று மட்டும் ரபியிடம் ஒருவனும் கேட்கவில்லை. அதில் எங்கள் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

அவனிடம் நேரடியாகவும் யாரும் எதுவும் சொல்லவில்லை. பனி அதிகம் என்று பெர்கு டிசம்பர் முழுக்கச் சபையைத் தள்ளிப்போட்டார். ஜனவரியில் மினாவின் நினைவு நாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால் செலிக் என் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“ஷுலிம், சனிக்கிழமை மினாவுக்கு. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் என்னையும் சேத்து எண்ணிருங்கடா. அப்புறம் நான் வரவே மாட்டேன்.”

பார்க்கலாம் என்றேன். நாற்பது வருடச் சிநேகிதன் கேட்டதற்கு நான் சொன்ன பதில் அது.

சனிக்கிழமை எல்லோரும் வந்துவிட்டோம். வெள்ளி மாலை மூட்டிய அடுப்பு அணைந்து, அதில் பதித்த ஓடெல்லாம் சில்லிட்டுக் கிடந்தது. செலிக் தன் கொக்கியிலிருந்து ஜெபச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு கதவோரம் நின்றான். பெர்கு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். வரியை ஆரம்பிக்கவில்லை. மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவனுக்கு நெருக்கமானவன் நான்தானே. எனக்கு முட்டி வலித்தது. உண்மையிலேயே குளிராகவும் இருந்தது. இதையெல்லாம் இப்போது சொல்லி என்ன.

“ரொம்பக் குளிருது, செலிக்,” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். ஆமா, குளிருது என்று சொல்லிவிட்டு அவன் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தால் அவனை எழுப்பும் தைரியம் எங்களில் ஒருவனுக்கும் இல்லை.

சால்வையைக் கழற்றி மடித்து பெஞ்சில் வைத்தான். அடுப்பின் முன் மண்டியிட்டு விறகை அடுக்கி, ஒரே தீக்குச்சியில் மூட்டினான். அவன் தொழிலாயிற்றே. அதற்குள் பெர்கு, பதற்றமோ பழக்கமோ, அந்த வரியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். விரல் ஒவ்வொருவராக நகர்ந்தது. ஒன்பதாவது சொல்லோடு நின்றது.

பத்தாவது சொல்லை, திரும்பிப் பார்க்காமலே, அடுப்புக்குள் பார்த்துக்கொண்டே செலிக் சொன்னான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

மினாவுக்கு அன்று யாரும் காதிஷ் சொல்லவில்லை. அடுப்பு நன்றாகப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் நான் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.